காது கேட்பதும் காசு கேட்பதும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

20,000 டாலருக்கு விற்ற ஒரு சி.டி. பிளேயர், 100 டாலர் பிளேயரைவிட 200 மடங்கு இனிமையாகப் பாடியிருக்குமா? 200 மடங்கு வேண்டா, இரு மடங்காவது பாடியிருக்குமா? ஒலிக்கருவி இதழ்கள் நாற்பது ஆண்டுகளாக இதற்கு விடை எழுதி வருகின்றன. ஒரு பிளேயரின் மேல்சுரம் பட்டுப்போல் இருக்கிறதாம். மற்றொன்றில் பாடகர் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு முன்னே வந்து நிற்கிறாராம். படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒழுங்காகச் செய்யப்பட்ட இரண்டு பிளேயர்களுக்கிடையே மனிதக் காது பிரித்தறியக்கூடிய ஒலி வேறுபாடு இல்லை என்பதே என் துணிபு. கட்டமைப்பில் வேறுபாடு உண்டு. அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து விற்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

சி.டி.யைக் குறுந்தகடு என்று தமிழில் வழங்குகிறோம். அச்சொல்லையே நானும் ஆள்கிறேன். பிளேயரை மட்டும் பிளேயர் என்றே விட்டுவிடுகிறேன். பாட்டுப்பெட்டி என்று எழுதலாமே என்பார் தமிழ்த்துறை நண்பர். அப்பெயரை டேப் ரிக்கார்டர் எப்போதோ பிடித்துக்கொண்டது!

கலைப்பிரிவு நண்பர்களுக்காகச் சில வரிகள். குறுந்தகட்டில் பாட்டு அலையாகப் பதியப்படவில்லை, எண்களாகப் பதியப்பட்டிருக்கிறது. ஒலியலையின் உயரத்தை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறித்து, அவ்வெண்களை நுண்குழிகளாகத் தகட்டில் அழுத்தியிருக்கிறார்கள். குழிகளின் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளி அவற்றைப் படிக்கிறது. தகட்டை உள்ளிருந்து வெளியே படிப்பதால், தொடக்கத்தில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்றும் இறுதியில் 200 சுற்றும் சுழல்கிறது. படித்த எண்களை மீண்டும் மின்னலையாக்குவது ஒரு சில்லின் வேலை. ஆக, பிளேயர் என்பது இரண்டு வேலைக்காரர்கள் குடியிருக்கும் ஒரு பெட்டி. ஒருவர் படிப்பவர், மற்றவர் மாற்றுபவர்.

தொடக்க காலத்தில் பிளேயர்களுக்கிடையே வேறுபாடு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் சோனியின் சி.டி.பி.-101 விற்பனைக்கு வந்தது. விலை 1,68,000 யென். அதில் 16 பிட் மாற்றி ஒன்றே ஒன்றுதான். இடது, வலது இரண்டு பக்கத்துக்கும் அதுவே மாறி மாறி உழைத்தது. அதனால் ஒரு பக்கம் மற்றதைவிட 11 மைக்ரோநொடி பிந்தி வந்தது. இதைப் பெருங்குறையாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த நேரத்தில் ஒலி காற்றில் செல்லும் தொலைவு நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. கேட்பவர் தலையைச் சற்றே திருப்பினாலும் அவ்வளவு வேறுபாடு வந்துவிடும்! அதைவிடக் கவனிக்க வேண்டியது வடிகட்டி. 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள வேண்டாத அலைகளைச் சோனி ஒரு செங்குத்தான மின்வடிகட்டியால் வெட்டியது. பிலிப்ஸ் நிறுவனத்தின் சி.டி.100 பிளேயரில் இருந்ததோ 14 பிட் மாற்றி. ஆனால் அது எண்களை நான்கு மடங்கு வேகத்தில், நொடிக்கு 1,76,400 என்ற அளவில் கணக்கிட்டு மாற்றியது. அதனால் பிறகு மென்மையான வடிகட்டியே போதுமாயிற்று. இரு நிறுவனத்தாரும் இரு வழியில் சென்றனர். அக்காலத்தில் காது கூர்மையானவர்கள் வேறுபாடு கேட்டிருந்தால் நான் வியப்படைய மாட்டேன். ஆனால் பிலிப்ஸ் காட்டிய வழியையே பின்னர் எல்லோரும் பற்றினர். 1980-களின் இறுதிக்குள் மலிவுப் பிளேயர்களுக்குள்ளும் அது நுழைந்துவிட்டது. சண்டைக்கான காரணம் அத்துடன் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. விலைதான் ஏறியது.

படிக்கும் வேலைக்காரரை முதலில் எடுத்துக்கொள்வோம். 'கனமான பொறியமைப்புத் தகட்டிலிருந்து அதிகச் செய்தியை எடுக்கிறது' என்பது உயர்விலைப் பிளேயருக்காகக் கூறப்படும் முதல் வாதம். தகட்டில் இருப்பவை எண்கள். எண் சரியாகப் படிக்கப்படும், அல்லது தவறாகப் படிக்கப்படும். 'இனிமையாக' ஓர் எண்ணைப் படிக்க இயலாது. தவறு நேர்ந்தாலும் திருத்திக்கொள்வதற்கென்றே ரீடு-சாலமன் என்னும் கணித முறைப்படி கூடுதல் எண்கள் தகட்டில் கலந்து வைக்கப்பட்டுள்ளன. தடத்தின் வழியே இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறல் விழுந்தாலும், இழந்த எண்களை அது முழுமையாக மீட்டுவிடும். இதைச் சோதிக்க யாரும் ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் கணினி ஆய்வகத்தில், வெவ்வேறு நிறுவனத்தார் செய்த இரண்டு டிரைவ்களில் ஒரே தகட்டைப் படியெடுத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். தொடங்கும் இடம் மட்டும் சிறிது தள்ளியிருந்தது. அதை நேராக்கியபின் ஓர் எண்கூட மாறவில்லை.

இரண்டாவது வாதம் சற்றே நுட்பமானது, மதிக்கத் தக்கதும்கூட. எண்கள் சரியாயிருந்தால் போதாது, அவை மாற்றியைச் சேரும் நேரமும் சரியாயிருக்க வேண்டும் என்கிறார்கள். கடிகாரத் துடிப்பு முன்பின் ஆடினால் அலையின் வடிவம் கெடும். உண்மைதான். எவ்வளவு ஆடினால் கெடும்? முழு உயரத்தில் ஒலிக்கும் 20,000 ஹெர்ட்ஸ் சுரத்தில் பிழை அரைப்படிக்குள் அடங்க வேண்டுமானால், ஆட்டம் 121 பிக்கோநொடியைத் தாண்டக் கூடாது. இதை இரண்டாமாண்டு மாணவர் எவரும் ஐந்து நிமிடத்தில் வருவித்துவிடலாம். 121 பிக்கோநொடி என்றதும் அச்சம் பிறக்கிறது. விற்பவருக்கு வேண்டியதும் அந்த அச்சமே. ஆனால் 20,000 ஹெர்ட்ஸில் முழு உயரத்தில் அலறும் பாட்டு எது? நம் காது நன்கு கேட்கும் 1,000 ஹெர்ட்ஸில் அதே கணக்கு 2.4 நானோநொடி என்று இருபது மடங்கு தளர்ந்துவிடுகிறது. சில்லின் அருகிலேயே ஒரு படிகத் துடிப்பியை வைத்தால் தீரும் வேலை இது. படிகத்தின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டைத் தாண்டாது.

அப்படியானால் இதழ்களில் எழுதுவோர் அனைவரும் பொய்யர்களா? அப்படி நான் கூறவில்லை. அவர்கள் கேட்டது உண்மையாகவே வேறாக இருந்திருக்கலாம், காரணம்தான் வேறு. பிளேயர்கள் பொதுவாக வெளியிடும் மின்னழுத்தம் 2 வோல்ட். சில உயர்விலைப் பிளேயர்கள் 2.5 வோல்ட் வெளியிடுகின்றன. மடக்கை எடுத்துப் பார்த்தால் வேறுபாடு 1.9 டெசிபெல். இவ்வளவு சிறிய ஏற்றத்தைக் காது 'உரக்க ஒலிக்கிறது' என்று உணர்வதில்லை; 'தெளிவாக, நிறைவாக ஒலிக்கிறது' என்றே உணர்கிறது. இரண்டு பிளேயரையும் வால்யூம் குமிழைத் தொடாமல் மாற்றி மாற்றிக் கேட்பவர் ஒவ்வொருவரும் 2.5 வோல்ட் பிளேயருக்கே மாலையிடுவார். ஒப்பீடு என்ற பெயரில் நடப்பவற்றுள் பாதியை இந்த அரை வோல்ட் விழுங்கிவிடும் என்பது என் கணிப்பு.

எங்கள் துறையில் இதைச் செய்து பார்த்தோம். பேராசிரியர் ஒருவர் தம் வீட்டிலிருந்து கனமான ஜப்பானியப் பிளேயர் ஒன்றைக் கொணர்ந்தார். விடுமுறை நாட்களில் நான் வேலை செய்யும் சவுண்டு சர்வீஸ் கடையிலிருந்து மலிவான டி.வி.டி. பிளேயர் ஒன்றை அண்ணனிடம் கேட்டு எடுத்துச் சென்றேன். ஒரே தகட்டின் இரண்டு படிகள், ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே ஒலிபெருக்கி. கருவிகளைத் திரைக்குப் பின்னால் வைத்து, எது ஒலிக்க வேண்டும் என்பதைக் காசு சுண்டித் தீர்மானித்தோம். முதற்சுற்றில் மின்னழுத்தத்தைச் சமப்படுத்தவில்லை. டி.வி.டி. பிளேயர் சற்று உரக்க ஒலித்தது; திரைக்கு முன்னால் இருந்தவர்கள் அதுதான் எடுப்பாக இருக்கிறது, அதுதான் ஜப்பான் கருவி என்றனர்! பிறகு 400 ஹெர்ட்ஸ் சுரம் பதிந்த தகட்டை இட்டு, மல்டிமீட்டரில் அளந்து, ஒரு மின்தடைக் குமிழால் இரண்டையும் சமமாக்கினோம். (400 ஹெர்ட்ஸ் ஏனெனில், சாதாரண மல்டிமீட்டரின் மாறுமின் அளவீட்டை அதற்கு மேல் நம்ப முடியாது.) அதன்பின் விடைகள் காசு சுண்டியது போலவே விழுந்தன. பிளேயருக்கு உரியவரான பேராசிரியர் சிரித்துவிட்டு, 'அப்படியென்றால் இதை விற்றுவிடலாமா?' என்று கேட்டார். 'வேண்டாம் ஐயா' என்றேன். காரணத்தைப் பின்னர் கூறுகிறேன்.

ஒரு கல்லூரியின் ஒரு பிற்பகல் சோதனை எதையும் நிலைநாட்டிவிடாது. அமெரிக்காவில் மேயர், மோரன் என்னும் இருவர் செய்து, ஒலிப் பொறியியல் கழக ஆய்விதழில் 2007-இல் வெளியிட்ட சோதனை பெரியது. குறுந்தகட்டைவிட நுண்மையாகப் பதிவு செய்யப்பட்ட இசையை அப்படியே ஒரு முறையும், குறுந்தகட்டின் அளவான 16 பிட், 44,100 என்ற குறுகிய வாயில் வழியே எண்ணாக்கி மீட்டு ஒரு முறையும் கேட்கச் செய்தனர். மொத்தம் 554 முறை. சரியாகக் கண்டறிந்தது 276 முறை, அதாவது 49.8 விழுக்காடு. இதில் எனக்குத் தோன்றுவது இதுதான்: இடையில் ஒரு மாற்றியையும் ஒரு மீட்பியையும் முழுதாகச் செருகியதே கேட்கவில்லை என்றால், ஒரு நல்ல மாற்றிக்கும் மற்றொரு நல்ல மாற்றிக்கும் உள்ள வேறுபாடு எங்ஙனம் கேட்கும்? நீண்ட நாள் கேட்டால்தான் தெரியும், சோதனைப் பதற்றத்தில் தெரியாது என்று மறுமொழி கூறுவர். நீண்ட நாள் கேளுங்கள். பெயரை மட்டும் மூடிவைத்துக் கேளுங்கள் என்பதே என் விடை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. கடைக்கு வந்த பெரியவர் ஒருவரிடம் இந்தக் கணக்கை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். 'தம்பி, இதெல்லாம் பழகிய காதுக்குத்தான் தெரியும். தலைமுறை தலைமுறையாக நல்லது கேட்ட வீட்டில் பிறந்திருக்க வேண்டும்' என்றார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். என் தந்தை ஒரு பம்புசெட் மோட்டாரை வாசலில் நின்று கேட்டே, எந்தப் பக்கத்துப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கழற்றிப் பார்த்தால் அப்பக்கம்தான் தேய்ந்திருக்கும். பழகிய காது என்பது இல்லை என்று நான் எவ்வாறு கூறுவேன்? சுருதி விலகுவதை இசை பயின்றவர் உடனே கேட்கிறார், நான் கேட்பதில்லை. ஆனால் என் தந்தையின் விடையைக் கழற்றிச் சரிபார்க்கலாம். சுருதி விலகலைக் கருவி வைத்து அளக்கலாம். திரை போட்டவுடன் மறைந்துபோகும் ஒரு திறமைக்கு மட்டும் ஏன் பரம்பரையைச் சான்றாகக் காட்ட வேண்டும்? கேளாததைக் கேட்டதாகத் தலையசைத்தால்தான் படித்தவர் கூட்டத்தில் இடம் என்றால், அந்த இடம் எனக்கு வேண்டா.

வேறாகவே ஒலிக்கும் உயர்விலைப் பிளேயர்களும் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. வடிகட்டியையும் வேகமேற்றலையும் வேண்டுமென்றே விட்டுவிட்டு, எண்களை வந்தபடியே மாற்றும் பிளேயர்களைச் சிலர் செய்கின்றனர். அதில் 20,000 ஹெர்ட்ஸில் ஒலி மூன்று டெசிபெல்லுக்கு மேல் தாழ்ந்துவிடும். வால்வு வைத்த வெளியீட்டுச் சுற்று உடையவையும் உள்ளன. அவற்றின் ஒலி சிலருக்கு இதமாக இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் பதிவில் உள்ளதிலிருந்து விலகியதால் வந்த இதம் அது. குமிழைத் திருப்பி மேல்சுரத்தைக் குறைத்தால் அதில் பெரும்பகுதி செலவின்றிக் கிடைத்துவிடும்.

இனி, எனக்கு மிகவும் விருப்பமான பகுதிக்கு வருகிறேன். பெட்டியைத் திறந்து பார்ப்பது!

பிலிப்ஸ் நிறுவனத்தாரின் சி.டி.எம்.-1 என்ற பொறியமைப்பைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். வார்ப்பு உலோகச் சட்டம், கண்ணாடி லென்ஸ், இசைத்தட்டுக் கருவியின் கைபோல் வில்வடிவில் அசையும் ஊசற்கை. பற்சக்கரமே இல்லை, ஆகவே தேய்வதற்கு மிகச் சில இடங்களே உண்டு. மராண்ட்ஸ் சி.டி.-94 போன்ற பிளேயர்களில் அது இருந்தது. பின்னால் வந்த சி.டி.எம்.-4-இல் பிளாஸ்டிக் புகுந்தது; சி.டி.எம்.-12-இல் ஊசற்கையும் போயிற்று. ஜப்பானின் டியாக் நிறுவனம் வேறொன்று செய்தது. தகட்டை நடுத்துளையில் மட்டும் பிடிக்காமல், தகட்டின் அளவே உள்ள ஓர் உலோகத் தட்டோடு சேர்த்து இறுக்கிச் சுழற்றியது. அதன் எசோட்டெரிக் பிளேயர்களில் அம்முறை இன்றும் தொடர்கிறது. பயனியர் தகட்டைத் தலைகீழாகத் தட்டின்மேல் படுக்கவைத்தது. ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் 1990-களின் இறுதியில் கொண்டுவந்த சி.டி.12-தான் நான் தொடக்கத்தில் சொன்ன 20,000 டாலர் பிளேயர். அதன் பெட்டி, திண்மையான அலுமினியக் கட்டியைக் குடைந்து செய்யப்பட்டது. அதை நான் நேரில் கண்டதில்லை. படங்களைப் பார்த்ததற்கே கை பரபரக்கிறது.

இவை ஒலியை மாற்றின என்று நான் நம்பவில்லை. ஆனாலும் இவற்றைச் செய்தவர்களை வணங்குகிறேன். ஐந்நூறு ரூபாய் குவார்ட்ஸ் கடிகாரத்தைவிடச் சுவிஸ் கைக்கடிகாரம் சரியான மணி காட்டுகிறது என்று யாரும் வாதிடுவதில்லை. அழகுக்கும் வேலைப்பாட்டுக்கும் விலை கொடுக்கிறார்கள், அதை ஒளிக்காமல் சொல்கிறார்கள். ஒலிக்கருவி உலகத்தாருக்கு மட்டும் அவ்வாறு சொல்ல நாணமாயிருக்கிறது போலும்.

கனத்தை மட்டும் கண்டு மயங்கவும் கூடாது. 2010-இல் லெக்சிகன் நிறுவனத்தின் பி.டி.-30 என்ற புளூ-ரே பிளேயர் 3,500 டாலருக்கு வந்தது. குறுந்தகடும் அதில் பாடும். ஓர் இதழாளர் குழு அதைத் திறந்தபோது, உள்ளே 499 டாலர் விலையுள்ள ஓப்போ பி.டி.பி.-83 பிளேயர் தன் அடிச்சட்டத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தது! மேலே தடித்த முகப்பும் மூடியும் மட்டுமே புதிது. கட்டமைப்பு என்பதைத் திருகாணியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

கடையில் என் கைக்கு வரும் பிளேயர்கள் பெரும்பாலும் ஒரே வகை நோய்களோடுதான் வருகின்றன. தட்டை வெளியே தள்ளும் ரப்பர் பெல்ட் இறுகியிருக்கும். லேசர் நகரும் தண்டில் கிரீஸ் மெழுகாகியிருக்கும். லென்ஸில் புழுதி படிந்திருக்கும். பற்சக்கரத்தில் ஒரு பல் போயிருக்கும். மின்தேக்கி உலர்ந்திருக்கும். இவை அனைத்துக்கும் மருந்து உண்டு. மருந்தில்லாத நோய் ஒன்றுதான்: லேசர் ஒளி மங்கிப்போவது. அப்போது புதிய லேசர் தலை கிடைத்தால் பிளேயர் பிழைக்கும். கிடைக்காவிட்டால் இரும்புக் கடைக்குத்தான். இங்கேதான் உயர்விலைக்காரர்களின் நிலை பரிதாபமாகிறது. உயர்ந்த பெயர்கள் பல, பிலிப்ஸின் சி.டி.-புரோ2 என்ற ஒரே பொறியமைப்பை நம்பியிருந்தன. அதன் உற்பத்தி நின்றபின், இலட்சக்கணக்கில் விலையுள்ள பெட்டிகள் கையிருப்பு லேசரைத் தேடி அலையும் நிலை வந்தது. லின் நிறுவனமே 2009-ஆம் ஆண்டோடு சி.டி. பிளேயர் செய்வதை விட்டுவிட்டது. மாறாக, சோனியின் கே.எஸ்.எஸ்.-213 வகை லேசர் எண்ணற்ற மலிவுப் பிளேயர்களில் பயன்பட்டது. மாற்றுத் தலை இன்றும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

பேராசிரியரை விற்க வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுவே. அவருடைய பிளேயரின் உள்ளே எல்லாம் திருகாணியால் பூட்டப்பட்டிருந்தது. பசை வைத்து ஒட்டிய இடம் ஒன்றுகூட இல்லை. பெல்ட் மாற்ற எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. டி.வி.டி. பிளேயரிலோ, மூடியைத் திறக்கும்போதே இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகள் உடைந்தன. கூடுதல் விலை கொடுப்பதானால் இதற்குக் கொடுக்கலாம்: கழற்றிப் பூட்டத் தக்க கட்டமைப்பு, கிடைக்கத் தக்க லேசர். அதற்கு மேல் பணம் இருந்தால் ஒலிபெருக்கியில் போடலாம். சாதாரணப் பிளேயரின் அதிர்வெண் வளைவு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அரை டெசிபெல்லுக்குள் நிற்கிறது. நல்ல ஒலிபெருக்கியின் வளைவோ ஒரு வீட்டு அறைக்குள் பல டெசிபெல் ஏறி இறங்குகிறது. காதுக்குக் கேட்கும் குறை அங்கேதான் இருக்கிறது.

பழைய பிளேயர் ஒன்றை மலிவாக வாங்க நினைக்கும் நண்பர்கள், கையில் இரண்டு தகடுகளைக் கொண்டு செல்லுங்கள். 70 நிமிடத்துக்கு மேல் ஓடும் அச்சிட்ட தகடு ஒன்று; கணினியில் எழுதிய தகடு ஒன்று. முதல் தகட்டில் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். லேசர் தண்டின் ஓரம்வரை தடையின்றி நகர்கிறதா என்பது தெரிந்துவிடும். எழுதிய தகடு ஒளியைச் சற்றுக் குறைவாகவே திருப்பும். ஆகவே மங்கிய லேசர் அதைப் படிக்கத் திணறும். இரண்டும் ஓடினால், பிளேயரின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, லேசர் தலை கிடைக்கிறதா என்று உதிரிபாகக் கடையில் விசாரித்த பின்பே பணத்தைக் கொடுங்கள்.